ஆப்பிரிக்க–நோர்டிக் கலப்பிசை

டென்மார்க், நோர்வே, சுவீடன், பின்லாந்து, ஐசுலாந்து ஆகிய ஐந்தும் நோர்டிக் நாடுகள் எனப்படுகின்றன. இந்நாடுகளில் குடியேறிய ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களும், அவர்கள் வழிவந்தவர்களும், அவர்களோடு சேர்ந்து இசைக்கும் உள்ளூர்க் கலைஞர்களும் உருவாக்கிய இசையை ஆப்பிரிக்க–நோர்டிக் கலப்பிசை எனலாம். இது ஒரு தனி இசைவகையின் பெயர் அன்று. நாட்டார் இசை, ஜாஸ், மக்களிசை, ராப் என வெவ்வேறு துறைகளில் நடந்த சந்திப்புகளைச் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர் மட்டுமே.

இரண்டு இசைகளை ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் கலப்பிசை ஆகிவிடாது. பெரும்பாலான முயற்சிகளில் ஒன்று பாட்டாகவும் மற்றது அலங்காரமாகவும் நின்றுவிடுகிறது. ஐரோப்பியப் பாடலுக்குப் பின்னால் ஆப்பிரிக்க முழவைச் சேர்ப்பது அத்தகைய அலங்காரம். ஆனால் இரு மரபுகளின் உள்ளமைப்பிலேயே பொருந்தும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கிய கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். இக்கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

வந்த வழிகள்

ஆப்பிரிக்கக் கலைஞர்கள் வடநாடுகளுக்கு வந்த காரணங்கள் பல. சியரா லியோனைச் சேர்ந்த தாளக் கலைஞர் அஹ்மது ஜா பொறியியல் படிக்கச் சுவீடன் வந்தவர். தென்னாப்பிரிக்காவின் ஜானி தியானி நிறவெறி ஆட்சியால் நாடு திரும்ப இயலாமல் தங்கியவர். திருமணம், இசைவிழா அழைப்பு, நடனம் கற்பிக்கும் வேலை என்று வந்து தங்கியவர்களும் உண்டு. வந்த காரணம் இசையிலும் தெரியும். படிக்க வந்தவரின் பிள்ளைகள் அந்நாட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்து, அந்நாட்டு மக்களிசையைத் தம்முடையதாகப் பாடினார்கள். நாடு திரும்ப முடியாதவரின் இசையில் விட்டுவந்த ஊரே திரும்பத் திரும்ப வந்தது.

கோராவும் பிடிலும்

இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டிய பதிவு எது என்று கேட்டால், 2002இல் வெளிவந்த ‘ட்ரெதாக்ட் தாகிசபா’ என்ற இசைத்தொகுப்பைச் சொல்லலாம். சுவீடனைச் சேர்ந்த பிடில் கலைஞர் எல்லிகா ஃபிரிசெல், செனகலில் பிறந்து நோர்வேயில் வாழ்ந்த கோரா கலைஞர் சோலோ சிசோகோ ஆகிய இருவரின் படைப்பு அது. அடுத்த ஆண்டில், 2003இல், எல்லைகளைக் கடந்த இசைக்கான பிரிவில் பிபிசி வானொலியின் உலக இசை விருது அவர்களுக்குக் கிடைத்தது.

கோரா என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டிங்கா மக்களுடைய நரம்புக் கருவி. பெரிய சுரைக்காய் ஒன்றைப் பாதியாக வெட்டி, அதன் வாயை மாட்டுத்தோலால் மூடி, நீண்ட மரத்தண்டு ஒன்றைச் செருகி, 21 நரம்புகளைக் கட்டுவார்கள். நரம்புகள் உயரமான பாலம் ஒன்றின் இருபுறமும் 11, 10 என இரு வரிசையாகப் பிரிந்து நிற்கும். முன்பு தோல்வார் நரம்புகள் இருந்தன. இப்போது மீன்பிடிக்கும் நைலான் நரம்பே பெரிதும் பயன்படுகிறது. கலைஞர் கருவியைத் தம்மை நோக்கி வைத்துக்கொண்டு, இரு கைகளின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மீட்டுவார். மற்ற விரல்கள் இரண்டு கைப்பிடிகளைப் பற்றியிருக்கும். ஆக நான்கே விரல்களில் அடிநாதம், தாளம், மேலே ஓடும் இசைக்கோவை மூன்றும் எழ வேண்டும். திரும்பத் திரும்ப வரும் அடிப்படைச் சொற்கட்டு கும்பெங்கோ எனப்படும். அதிலிருந்து விலகி வேகமாக இறங்கி ஓடும் தனிப்பகுதிக்குப் பிரிமின்திங்கோ என்று பெயர்.

கோராவை வாசிப்பவர்கள் ஜாலி எனப்படும் பரம்பரைப் பாணர்கள். அரசர்களின் வரலாற்றையும் குடும்பங்களின் வழிமுறையையும் மனத்தில் வைத்திருந்து பாடுவது இவர்கள் தொழில். தந்தையிடமிருந்து மகனுக்கு இக்கலை இறங்கும். சிசோகோ என்ற குடும்பப்பெயரே ஒருவரைக் கோரா வாசிக்கும் குடியைச் சேர்ந்தவர் என்று காட்டிவிடும். சோலோ சிசோகோ தென்செனகலின் காசமான்ஸ் பகுதியின் அத்தகைய குடும்பத்தில் வந்தவர்.

எல்லிகா ஃபிரிசெலின் மரபு வேறு. சுவீடனின் கிராமப் பிடில்காரர்கள் அரசவைப் பாணர்கள் அல்லர். திருமணத்திலும் நடனத்திலும் வாசித்தவர்கள். அவர்களுடைய முதன்மையான நடன இசை போல்ஸ்கா. அது மூன்று தட்டுகள் கொண்டது. முதல் தட்டும் மூன்றாம் தட்டும் அழுத்தம் பெறும். சில வட்டாரங்களில் மூன்று தட்டுகளும் ஒரே நீளத்தில் இருக்காது. ஒன்று குறுகி மற்றொன்று நீளும். அந்த ஏற்றத்தாழ்வைக் கடிகாரம் வைத்து அளக்க முடியாது, ஆடுபவரின் காலைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்பது நாட்டார் கலைஞர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி.

இசைத்தொகுப்பின் பெயரே இருவரும் எங்கே சந்தித்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘ட்ரெதாக்ட்’ என்றால் சுவீடிய மொழியில் முத்தாளம். ‘தாகிசபா’ என்பதன் இறுதியில் உள்ள ‘சபா’ மண்டிங்கா மொழியில் மூன்று என்னும் எண்.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்க்கலாம். மண்டிங்கா இசையின் பல பாடல்களில் ஒரு சுழற்சிக்குப் பன்னிரண்டு சிறு துடிப்புகள் உண்டு. அவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்தால் நான்கு தட்டுகள் வரும். நான்கு நான்காகச் சேர்த்தால் மூன்று தட்டுகள் வரும். தேர்ந்த கலைஞர் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கச் செய்வார். போல்ஸ்காவில் ஒரு வகைக்கு ஸ்லெங்போல்ஸ்கா என்று பெயர். அதில் மூன்று தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நான்கு சிறு சுரங்கள். அங்கும் மொத்தம் பன்னிரண்டு. சுவீடியப் பிடில் மூன்றாக எண்ணும் அதே நீளத்தைக் கோரா நான்காகவும் எண்ணலாம், மூன்றாகவும் எண்ணலாம். யாரும் தம் தாளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு மூன்று துடிப்புக்கு ஒருமுறையும் மற்றது நான்கு துடிப்புக்கு ஒருமுறையும் கைதட்டலாம். பன்னிரண்டு முடிந்ததும் இரு குழுவின் கைகளும் ஒன்றாக விழும்.

சுருதியில் அவ்வளவு எளிதான பொருத்தம் இல்லை. கோராவின் நரம்புகள் ஏழு சுரங்களுக்குக் கட்டப்பட்டவை. வாசிக்கும்போது அவற்றை மாற்ற முடியாது. மேலும் அதன் மரபான சுருதிமுறைகள் பியானோவின் சுரங்களோடு சரியாக ஒத்துப்போவதில்லை. பியானோவையோ கிடாரையோ பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் கோராதான் தன் சுருதியை மாற்றிக்கொள்ள வேண்டிவரும். பிடிலில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். அதுமட்டுமன்று, பழைய சுவீடியப் பிடில் மரபிலேயே இரு சுரங்களுக்கு இடைப்பட்ட சுரங்கள் வழக்கில் இருந்தன. பள்ளிகளும் ஆர்மோனியம் போன்ற கருவிகளும் பரவியபின் அவை பல ஊர்களில் மறைந்தன. எனவே கோராவுக்கு அருகே உட்காரும் நாட்டார் பிடிலுக்குத் தன் பழைய காதையே திரும்பப் பயன்படுத்தும் வாய்ப்புக் கிடைக்கிறது. மீட்டிய உடனே தேய்ந்து மறையும் கோராவின் ஒலியும் வில் இழுக்கும்வரை நீளும் பிடிலின் ஒலியும் ஒன்றையொன்று மறைப்பதும் இல்லை.

இவ்விருவரும் 2005இல் ‘அபராகா தாக்’ என்ற தொகுப்பை வெளியிட்டனர். மண்டிங்கா மொழியிலும் சுவீடிய மொழியிலும் நன்றி என்று இருமுறை சொல்லும் பெயர் அது. பின்னர் மெக்சிகோவைச் சேர்ந்த தாளக் கலைஞர் ஒருவரும் இவர்களோடு சேர்ந்தார். சோலோ சிசோகோ 2019இல் காலமானார்.

செட்டஸ்டால் பள்ளத்தாக்கு

சுவீடனில் இந்தப் பதிவு வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, நோர்வேயில் ‘செனகலிலிருந்து செட்டஸ்டாலுக்கு’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இசைத்தொகுப்பு 1997இல் வந்தது. அதிலும் சோலோ சிசோகோ இருக்கிறார்.

செட்டஸ்டால் தென்நோர்வேயில் உள்ள ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. வெளியுலகத் தொடர்பு வெகுகாலம் குறைவாக இருந்ததால் பழைய பாடல்களும் நடனங்களும் அங்கே நிலைத்தன. அவ்வூரின் இசையையும் நடனத்தையும் ‘ஸ்தேவ்’ எனப்படும் நாலடிப் பாடல்களையும் யுனெஸ்கோ 2019இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு, கலப்பு எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

பாடகி கிர்ஸ்தன் புரோத்தன் பெர்க் செட்டஸ்டால் பாடல்களின் முதன்மையான குரல்களில் ஒருவர். தொழிலால் வெள்ளி நகை செய்பவர். பியோர்குல்வ் ஸ்ட்ரேமே இரும்புக் கருவி செய்பவரும் வாசிப்பவரும் ஆவார். இவர்களுடன் சோலோ சிசோகோவும், ஐவரி கோஸ்ட்டிலிருந்து நோர்வேயில் குடியேறிய குவாமே செரேபாவும் சேர்ந்தனர்.

ஸ்ட்ரேமே வாசிப்பது நோர்வேயின் முன்ஹார்ப்பெ. தமிழ் வாசகர்களுக்கு இக்கருவியை விளக்கவே வேண்டாம். கர்நாடக இசைக் கச்சேரியில் வரும் மோர்சிங்தான் அது. செரேபா வாசிப்பது தோதோ என்னும் வாய்வில். வளைந்த கழியில் ஒரே நரம்பு. அந்த நரம்பை உதடுகளுக்கிடையே வைத்து, சிறு குச்சியால் தட்டுவார். வில்லுப்பாட்டில் வில்லுக்குக் குடம் துணை நிற்பது போல இந்த வில்லுக்கு வாசிப்பவரின் வாயே ஒலிப்பெட்டி.

ஒன்று இரும்பு, மற்றொன்று மரமும் நரம்பும். ஆனால் இரண்டும் இயங்கும் முறை ஒன்றே. கருவி தருவது ஒரே அடிநாதம். நாவையும் கன்னத்தையும் அசைத்து வாயின் உட்குழிவை மாற்றும்போது, அந்த நாதத்துக்குள் ஏற்கனவே இருக்கும் மேல்நாதங்கள் ஒவ்வொன்றாக உரத்துக் கேட்கும். அந்த மேல்நாத வரிசை இயற்பியலால் அமைந்தது. நோர்வேக்கு ஒன்று, ஐவரி கோஸ்ட்டுக்கு ஒன்று என்று இல்லை. இரு கருவிகளும் ஒரே அடிநாதத்தில் நின்றால் இரண்டின் இசையும் ஒரே ஏணியில்தான் ஏறி இறங்கும். இந்தக் காரணத்தால்தான் இப்பதிவில் இரு கண்டத்துக் கருவிகளும் விருந்தாளிகளாக ஒலிக்காமல், எப்போதும் பக்கத்து வீட்டில் இருந்தவை போல ஒலிக்கின்றன.

செர்ரி குடும்பம்

டான் செர்ரி ஆப்பிரிக்க அமெரிக்கர். 1936இல் ஓக்லகோமாவில் பிறந்த எக்காளக் கலைஞர். ஆர்னட் கோல்மனுடன் வாசித்து ஜாஸ் உலகில் பெயர் பெற்றபின், சுவீடனைச் சேர்ந்த துணிக்கலைஞர் மோக்கியுடன் இணைந்து, 1970இல் தென்சுவீடனின் தோகார்ப் என்ற ஊரில் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை வாங்கிக் குடியேறினார். வீடே இசைக்கூடமாகவும், குழந்தைகளுக்கான பட்டறையாகவும், மோக்கியின் வண்ணத் துணித்தொங்கல்கள் நிறைந்த மேடையாகவும் இருந்தது. மாலி நாட்டு வேட்டைக்காரர்களின் ஆறு நரம்புக் கருவியான தொன்சோ ங்கோனியை அவர் தம் இசையில் நிலையாகச் சேர்த்துக்கொண்டார்.

1973இல் ஸ்டாக்ஹோமில் பதிவான அவருடைய ‘எடர்னல் நவ்’ தொகுப்பில் மிருதங்கம் ஒலிக்கிறது. வாசித்தவர் பெங்ட் பெர்யர் என்ற சுவீடியத் தாளக் கலைஞர். இவர் இந்தியாவிலும் பின்னர் கானாவிலும் இசை கற்றவர். வடகானாவின் இறுதிச் சடங்குகளில் மரக்கட்டைக் கருவியில் வாசிக்கப்படும் இசையை அடிப்படையாகக் கொண்டு இவர் உருவாக்கிய ‘பிட்டர் ஃபியூனரல் பியர்’ 1981இல் பதிவானது. அதில் டான் செர்ரியும் வாசித்தார். இறுதிச் சடங்கு இசை என்றாலும் அழுது வழியும் இசையன்று. இறந்தவரை ஊரே கூடி ஆடி அனுப்பும் இசை.

இக்குடும்பத்தின் அடுத்த தலைமுறை மக்களிசைக்குப் போயிற்று. அஹ்மது ஜாவுக்கும் மோக்கிக்கும் 1964இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த நெனே செர்ரி, டான் செர்ரியின் வளர்ப்பில் வளர்ந்தார். செனகல் பாடகர் யூசு என்டூருடன் 1994இல் அவர் பாடிய ‘செவன் செகண்ட்ஸ்’ வோலோஃப், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. பிறந்த குழந்தை உலகின் சிக்கல்களை அறியாமல் இருக்கும் முதல் சில நொடிகளைத் தலைப்புக் குறிக்கிறது. ஆப்பிரிக்க மொழி ஒன்று ஐரோப்பியப் பாடல் வரிசைகளின் உச்சியில் இவ்வளவு இயல்பாக ஒலித்தது அரிது. 2012இல் அவர் ‘தி திங்’ என்ற சுவீடிய–நோர்வீஜிய ஜாஸ் மூவரோடு ஒரு தொகுப்புச் செய்தார். அம்மூவர் குழுவின் பெயரே டான் செர்ரியின் ஓர் இசைக்கோவையிலிருந்து எடுக்கப்பட்டது. அஹ்மது ஜாவின் மற்றொரு மகள் தித்தியோவும் சுவீடனில் புகழ்பெற்ற பாடகி.

கோபனேகனும் எல்சிங்கியும்

டான் செர்ரி பிறந்த அதே 1936இல் கோபனேகனில் காங்கோ நாட்டுத் தந்தைக்கும் டேனியத் தாய்க்கும் பிறந்தவர் ஜான் சிக்காய். சாக்சபோன் கலைஞரான இவர் நியூயார்க் சென்று, 1963இல் டான் செர்ரியோடு ஒரே குழுவில் வாசித்தார். ஜான் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ பதிவில் 1965இல் பங்கேற்றார். பின்பு டென்மார்க் திரும்பிப் பெரிய குழு ஒன்றை நடத்தினார். தென்னாப்பிரிக்கர் ஜானி தியானி 1978இல் வெளியிட்ட ‘விட்ச்டாக்டர்ஸ் சன்’ தொகுப்பில் சிக்காயும் உண்டு. தென்னாப்பிரிக்க நகரச் சேரிகளின் நடன மெட்டுகளை, டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த ஒருவரும் நாட்டை விட்டு வந்த ஒருவரும் சேர்ந்து வாசித்தனர். தியானி நிறவெறி ஆட்சி முடிவதைக் காணாமலேயே 1986இல் இறந்தார்.

பின்லாந்தின் தேசியக் கருவி காந்தெலே. பழைய வடிவில் ஐந்தே நரம்புகள். கலேவலா காப்பியத்தில் முதியவர் வைனமோய்னன் ஒரு பெரிய மீனின் தாடை எலும்பில் அதைச் செய்ததாகக் கதை. பின்லாந்து மக்கள் தம் மொழியோடு சேர்த்து உயர்வாக மதிக்கும் இக்கருவியைத் தான்சானியாவிலிருந்து வந்த அர்னால்டு சிவலாலா கற்றார். தம் நாட்டுச் செசே என்னும் நரம்புக்கருவியின் முறையையும் நடனத்தையும் அதனோடு சேர்த்து, ‘சிசென்டெலே’ என்று தாமே பெயரிட்ட ஒரு முறையை உருவாக்கி, சிபெலியஸ் அகாதெமியில் முனைவர் பட்டம் பெற்றார். வந்தவர் தம் கருவியை உள்ளூர் இசையோடு சேர்ப்பதே பெரிதும் நடப்பது. இங்கே வந்தவர் உள்ளூரின் கருவியையே கையில் எடுத்துக்கொண்டார். அதனால் இது தனித்துக் குறிப்பிடத்தக்கது.

யாருடைய இசை

இந்தக் கேள்வி இசை அறிஞர்களோடு நின்றுவிடவில்லை. 2010 செப்டம்பரில் நடந்த தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் சுவீடிய ஜனநாயகவாதிகள் கட்சி 20 இடங்களோடு முதன்முறையாகச் சுவீடன் நாடாளுமன்றத்தில் நுழைந்தது. நாட்டார் பண்பாட்டைத் தம் அடையாளமாக அக்கட்சியினர் முன்னிறுத்தினர். தம் இசை பிறரை விலக்கும் கருவியாவதை ஏற்காத நாட்டார் கலைஞர்கள் அதே ஆண்டில் அந்நியர் வெறுப்புக்கு எதிரான அமைப்பு ஒன்றைத் தொடங்கினர்.

அவர்கள் பக்கத்தில் வரலாறும் இருக்கிறது. சுவீடிய நாட்டார் இசையின் அடையாளமாகக் கருதப்படும் போல்ஸ்கா என்ற சொல்லுக்கு அம்மொழியில் ‘போலந்து நாட்டுக்குரியது’ என்றே பொருள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இரு நாட்டு அரச குடும்பங்களும் தொடர்பு கொண்டிருந்த காலத்தில் அந்த நடனம் கடல் கடந்து வந்தது. அதை வாசிக்கும் பிடிலின் இன்றைய வடிவம் இத்தாலியில் உருவானது. வந்த இசை ஊர் இசை ஆவதற்குச் சில தலைமுறைகள் போதுமாக இருந்திருக்கின்றன.

மறுபக்கத்திலும் இதே கேள்வி உண்டு. ஜாலி குடும்பங்களில் ஆண்களுக்கே உரியதாக இருந்த கோராவை, அக்குடியில் பிறக்காத ஐரோப்பியப் பெண் வாசிக்கலாமா? காசமான்ஸ் குடும்பத்தில் வந்த மாஹெர் சிசோகோவும் சுவீடனைச் சேர்ந்த சூசு சிசோகோவும் இணையராக இரண்டு கோராக்களோடு மேடையேறுகிறார்கள். இவர்களுடைய ‘ஸ்டாக்ஹோம்–டக்கார்’ தொகுப்பு 2011இல் வந்தது. ஒரு மரபுக்குடும்பமே முன்வந்து கற்றுக்கொடுத்து உடன் அமரும்போது, வெளியிலிருந்து தடைசொல்ல யாருக்கும் அதிக இடமில்லை என்றே தோன்றுகிறது.

மக்களிசையில் இக்கேள்வி இன்னும் நேரடியாக வருகிறது. நைரோபியில் பிறந்து சிறுவயதில் நோர்வே வந்த ஸ்டெல்லா முவாங்கி, 2011 யூரோவிஷன் போட்டியில் நோர்வேயின் சார்பில் ‘ஹபா ஹபா’ என்ற பாடலைச் சுவாகிலியும் ஆங்கிலமும் கலந்து பாடினார். சிறுகச் சிறுகச் சேர்த்தால் படி நிறையும் என்ற சுவாகிலிப் பழமொழியே பாடலின் கரு. இறுதிச்சுற்றுக்கு அப்பாடல் போகவில்லை. காம்பிய இசைக்கலைஞர் ஒருவரின் மகளான சுவீடியப் பாடகி செய்னபோ சே, 2016இல் அந்நாட்டின் கிராமிஸ் விருது விழாவில் பாடியபோது நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்களையும் சிறுமிகளையும் தம்முடன் மேடையில் நிற்கவைத்தார். அவர்கள் ஆடவில்லை, பாடவும் இல்லை. பாடல் முடியும்வரை அவையோரை நேராகப் பார்த்தபடி நின்றார்கள்.